கழுகும் கொடியும் நியாயப்பிரமாணமும்

சட்டம் ஏடுகளில் எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு உட்பட்டு வாழ்வோரில் மிகச் சிலரே அவ்வேட்டைப் புரட்டிப் பார்க்கின்றனர். ஏனையோர் சட்டத்தைக் கண்ணால் காண்கின்றனர். நீதிமன்ற வாயிலில் பொறித்த சின்னம், காவலரின் உடுப்பு, பத்திரத்தின் மீதுள்ள முத்திரை, நியாயாசனத்தின் உயரம் ஆகியவற்றைக் கண்டே, இச்சட்டம் யாருடையது, தம்மை எவ்விதம் நடத்தும் என்று அவர்கள் முடிவு செய்கின்றனர். 2024ஆம் ஆண்டு நம் நாட்டு உச்ச நீதிமன்றத்தில் கண்கட்டு நீங்கி, வாளுக்குப் பதிலாக அரசியலமைப்பு நூலைக் கையில் ஏந்திய நீதிதேவதையின் சிலையைப் பற்றிய செய்தி வெளிவந்தபோது, சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறியிருக்கவில்லை. ஆயினும் வழக்கறிஞரும் பொதுமக்களும் அதைப் பற்றிப் பேசாமல் இருக்கவில்லை. சின்னம் மாறினால் சட்டமும் மாறியதாகவே மக்கள் உணர்கின்றனர்.

இவ்வுண்மையை ஆராய்வதற்கு, திருமறை மாணவர் நன்கறிந்த முதல் நூற்றாண்டு யூதேயாவைக் காட்டிலும் தக்க களம் அரிது. பெரிய ஏரோது மரித்த கி.மு. 4ஆம் ஆண்டு முதல் எருசலேம் ஆலயம் எரிந்த கி.பி. 70ஆம் ஆண்டு வரை, அந்நாட்டில் எழுந்த பெருங்கலகங்களில் பல, வரியினாலோ பஞ்சத்தினாலோ அல்லாமல், ஒரு சின்னத்தின் காரணமாகவே தோன்றின. நம் பிரசங்க மேடைகளில் இந்நிகழ்ச்சிகள் யூதரின் மதவெறிக்குச் சான்றாகக் காட்டப்படுவது உண்டு. இரண்டாம் கற்பனையை எழுத்தின்படி கைக்கொண்ட பிடிவாதக்காரர் என்று அவர்களைச் சொல்லிவிட்டு அப்பால் சென்றுவிடுகிறோம். சான்றுகளைப் பொறுமையாகப் பார்க்கும்போது இவ்விளக்கம் நிற்பதில்லை என்பதே என் கருத்து.

முதலில் ரோமரின் பக்கத்தைப் பார்ப்போம். ரோம அதிகாரிக்கு முன்னே பிரம்புக் கட்டுகளைத் தோளில் சுமந்த ஏவலர் நடந்து செல்வர். அடிப்பதற்குப் பிரம்பு, கட்டின் நடுவே செருகிய கோடரி தலையை வெட்டுவதற்கு. ரோம நகரத்தின் எல்லைக்குள் அதிகாரி நுழையும்போது கோடரி எடுக்கப்பட்டுவிடும். தண்டனைக்கு எதிராக மக்களிடம் முறையிடும் உரிமை குடிமகனுக்கு அங்கு இருந்தது என்பதை அது காட்டியது. நகரத்திற்கு வெளியே கோடரி மீண்டும் கட்டினுள் ஏறும். எழுத்தறியாத ஒருவனும், தான் நிற்கும் இடத்தில் தன் உயிருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு எவ்வளவு என்பதை அக்கட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டான்.

பிலிப்பி பட்டணத்தில் பவுலையும் சீலாவையும் அடித்த பிரம்புகள் இவைதாம். அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தில் விடுதலைச் செய்தியோடு அனுப்பப்பட்டவர்களைக் கிரேக்க மூலம் 'பிரம்பு ஏந்துவோர்' என்னும் பொருள்படும் சொல்லால் குறிக்கிறது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவர்களைச் சேவகர் என்று மட்டும் சொல்கிறது. அதனால் தமிழ் வாசகர் அந்தப் பிரம்புக் கட்டைக் காணாமலே போகிறார். முந்திய நாள் அடித்த அதே சின்னம் மறுநாள் காலையில் விடுதலையைச் சொல்ல வந்தபோது, தான் ரோமன் என்று பவுல் அறிவிப்பதன் கூர்மை மூலத்தில் தெளிவாகத் தெரிகிறது. அச்சின்னம் ரோமனுக்குத் தந்த வாக்குறுதியைப் பிலிப்பியின் அதிகாரிகளே மீறிவிட்டனர். அவர்கள் அஞ்சியதில் வியப்பில்லை.

யூதரின் நியாயப்பிரமாணமும் சின்னங்கள் இன்றி வாழவில்லை. வஸ்திரத்தின் ஓரத்தில் தொங்கல்களைக் கட்டிக்கொண்டு, அவற்றைப் பார்த்துக் கற்பனைகளை நினைக்கும்படி எண்ணாகமம் பணிக்கிறது. கையிலும் நெற்றியிலும் வாசல் நிலையிலும் வார்த்தைகளைக் கட்டவும் எழுதவும் உபாகமம் பணிக்கிறது. இஸ்ரவேலின் கோத்திரங்கள் வனாந்தரத்தில் தத்தம் விருதுகளின் கீழேயே பாளையமிறங்கின. ஆகவே, சின்னமுள்ள மக்களுக்கும் சின்னமற்ற மக்களுக்கும் இடையே நடந்த போராட்டமாக இதைக் கொள்ளலாகாது. இரு சட்டங்கள் தத்தம் அடையாளங்களோடு ஒரே தெருவில் எதிர்ப்பட்டன. இங்கு ஒரு சொல்லைக் குறித்தும் கவனம் வேண்டும். தமிழில் நாம் மோசேயின் சட்டத்தை நியாயப்பிரமாணம் என்றும், அரசின் சட்டத்தைச் சட்டம் என்றும் வேறு வேறாகச் சொல்லிப் பழகிவிட்டோம். கிரேக்கத்தில் எழுதிய யோசேபஸ் இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பவர். அவர் காலத்து யூதனுக்கு நியாயப்பிரமாணம் ஆலயத்திற்குள் அடங்கும் சமய ஒழுங்காக இருக்கவில்லை; திருமணம், நிலம், கடன், கொலை எல்லாவற்றுக்கும் அதுவே சட்டம்.

இனி ஏரோதின் கழுகு. தன் ஆட்சியின் பிற்காலத்தில் ஏரோது எருசலேம் ஆலயத்தின் பெரிய வாயிலின் மேல் பொன்னால் ஆன கழுகு ஒன்றை நிறுவியிருந்தான். அவன் மரணப் படுக்கையில் கிடந்த நாட்களில், நியாயப்பிரமாணத்தில் வல்லவர்களாகிய யூதா, மத்தியா என்னும் இரு ஆசிரியர்களின் தூண்டுதலால் இளைஞர்கள் நண்பகலில் ஆலயக் கூரையிலிருந்து கயிறுகளில் இறங்கி, கோடரிகளால் கழுகை வெட்டி வீழ்த்தினர். ஏறத்தாழ நாற்பது பேர் பிடிபட்டனர். யார் சொல்லிச் செய்தீர்கள் என்று ஏரோது கேட்டபோது, தங்கள் முன்னோரின் சட்டமே கட்டளையிட்டது என்று அவர்கள் விடை கூறினதாக யோசேபஸ் எழுதுகிறார். ஆசிரியர்களும் கழுகை வெட்டியவர்களும் உயிரோடு எரிக்கப்பட்டனர். ஏரோது இறந்தபின் அவர்களுக்காக எழுந்த துக்க ஓலமே கலகமாக வளர்ந்தது. அந்தப் பஸ்காப் பண்டிகையில் அர்கெலாயு ஏவிய படையால் ஏறத்தாழ மூவாயிரம் பேர் மடிந்தனர்.

இந்நிகழ்ச்சியை உருவ வெறுப்பு என்ற ஒரு காரணத்தால் விளக்கிவிட முயல்வோர், ஆலய வரி எந்த நாணயத்தில் செலுத்தப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். வெள்ளியின் தூய்மைக்காகத் தீரு பட்டணத்து நாணயமே ஆலயத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் ஒரு புறத்தில் தீருவின் தெய்வமாகிய மெல்கார்த்தின் தலை, மறுபுறத்தில் கழுகு! ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கழுகுகள் ஆசாரியரின் கைவழியாகவே ஆலயக் கருவூலத்திற்குள் சென்றன. அதைக் குறித்து ஒருவரும் கோடரி எடுக்கவில்லை. நாணயத்தில் இருந்த கழுகு, தீரு பட்டணத்தார் நல்ல வெள்ளி வார்த்தனர் என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. வாயிலின் மேல் இருந்த கழுகோ, இந்த வாசலுக்குள் நடப்பவற்றுக்கும் மேலான அதிகாரம் ஒன்று உண்டு என்று, உள்ளே நுழையும் ஒவ்வொருவரின் தலைக்கு மேலிருந்து அறிவித்தது. அக்கழுகு ரோமின் சின்னமா, ஏரோதின் சொந்தச் சின்னமா என்று அறிஞர் வாதிடுகின்றனர். ஏரோதின் சிறு வெண்கல நாணயம் ஒன்றிலும் கழுகு உண்டு. எவ்வாறாயினும் அதன் கீழ் நடந்து சென்றவன் படித்த பொருள் ஒன்றே.

கி.பி. 26ஆம் ஆண்டு முதல் 36ஆம் ஆண்டு வரை யூதேயாவை ஆண்ட பொந்தியு பிலாத்துவிடம் வருவோம். 1961ஆம் ஆண்டு செசரியாவின் நாடகவரங்கில் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு அவனுடைய பெயரையும் பதவியையும் தாங்கியிருக்கிறது. திபேரியு இராயனின் பெயரால் அவன் ஒரு கட்டடம் எழுப்பினான் என்பதும் அதனால் தெரிகிறது. பேரரசனின் பெயரையும் உருவத்தையும் கண்ணில் படும்படி வைப்பதில் அவனுக்கு ஆர்வம் இருந்தது. ('இராயன்' என்று நம் வேதாகமம் சொல்லும்போதெல்லாம் நம் மூதாதையர் விஜயநகர வேந்தரையே மனக்கண்ணில் கண்டிருப்பர். பன்றிச் சின்னத்தால் வராகன் எனப் பெயர் பெற்ற பொன் நாணயத்தைக் கையாண்டவர்களுக்கு, வரிக்காசின் சுரூபத்தைப் பற்றிய கேள்வி நமக்கு விளங்குவதைவிட விரைவில் விளங்கியிருக்கும்.)

ரோமப் படையின் விருது என்பது துணிக்கொடி அன்று. நீண்ட கம்பத்தில் உலோக வட்டங்களும் மாலைகளும் பேரரசனின் மார்பளவு உருவமும் பொருத்தியிருப்பர். பாளையத்தில் அதற்கு வழிபாடு நடந்தது. படைவீரரின் சமயம் முழுவதும் விருதுகளை வணங்குவதே என்று பிற்காலத்தில் தெர்த்துல்லியன் ஏளனம் செய்தது மிகைதான். ஆயினும் ஆதாரமற்றது அன்று. பிலாத்துவுக்கு முந்திய தேசாதிபதிகள், எருசலேமுக்குப் படை செல்லும்போது உருவமில்லாத விருதுகளையே அனுப்பினர். யூதரின் சட்டத்தைப் பேரரசு மதிக்கும் என்பதற்கு அவ்வழக்கமே வாக்குறுதியாக இருந்தது. அது எந்த ஏட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உருவமற்ற கம்பம் நகரத்தெருவில் செல்வதைக் கண்ட மக்கள் தங்கள் உரிமை நிலைத்திருக்கிறது என்று அறிந்தனர்.

பிலாத்து அவ்விருதுகளை உருவங்களோடு, இரவில், மூடி மறைத்து நகரத்துக்குள் கொண்டுவரச் செய்தான். விடிந்தபின் மக்கள் கண்டனர். மறைத்துக் கொண்டுவந்தான் என்பதிலிருந்தே, தான் செய்வது இன்னதென்று அவன் அறிந்திருந்தான் என்று கொள்ளவேண்டும். அதை ஏந்தி வந்த வீரர் யார் என்பதும் நினைவில் இருக்கட்டும். அக்காலத்தில் யூதேயாவின் தேசாதிபதிக்குக் கீழ் ரோமக் குடிகளால் ஆன பெரும்படை கிடையாது. செபஸ்தே, செசரியா முதலிய இடங்களில் திரட்டப்பட்ட துணைப்படையினரே இருந்தனர். அண்டை ஊரார், யூதரோடு பழம்பகை உள்ளவர், பேரரசனின் முகத்தைத் தாங்கி நிற்பதை எருசலேமியர் கண்டனர்.

திரளான மக்கள் செசரியாவுக்கு நடந்து சென்று, பிலாத்துவின் மாளிகையைச் சுற்றி ஐந்து நாள் இரவும் பகலும் தரையில் விழுந்து கிடந்தனர். ஆறாம் நாள் அவன் விளையாட்டரங்கில் நியாயாசனத்தில் அமர்ந்து, விடை சொல்வதுபோல் அவர்களை அழைத்தான். வந்தவர்களைப் படைவீரர் மூன்று வரிசையாகச் சூழ்ந்துகொண்டனர். உருவங்களை ஏற்காவிட்டால் வெட்டுண்பீர்கள் என்று பிலாத்து சொல்லி வாளை உருவச் சைகை காட்டினான். மக்களோ ஒருமிக்கத் தரையில் விழுந்து கழுத்தை நீட்டினர். பிலாத்து விருதுகளை எருசலேமிலிருந்து அகற்றக் கட்டளையிட்டான்.

இந்நிகழ்ச்சியில் என்னை மிகவும் நிறுத்துவது அந்த நியாயாசனம்தான். மக்கள் முறையீட்டோடு வந்தனர். தேசாதிபதி நீதிபதியாக உட்கார்ந்தான். அதுவரை எல்லாம் சட்டத்தின் வடிவில் நடந்தது. அடுத்த கணமே அவ்வாசனம் வாளுக்கு மறைவிடமாயிற்று. அன்று அங்கிருந்து திரும்பியவர்கள் ரோம நியாயாசனத்தைக் குறித்து எதைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பர்? வெற்றி கிடைத்தது உண்மை. ஆனால் அவர்களுக்கு நீதி வழங்கியது சட்டம் அன்று. தங்கள் கழுத்தைக் கொடுக்கத் துணிந்ததால் பெற்றார்கள். இதைப் பிடிவாதம் என்று அழைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் கற்பனை ஒன்றே காரணம் என்ற விளக்கத்துக்கு வலுவான மறுப்பு, அலெக்சந்திரியாவின் பிலோ கூறும் மற்றொரு நிகழ்ச்சியில் இருக்கிறது. பிலாத்து எருசலேமில் ஏரோதின் அரண்மனையில் பொன்முலாம் பூசிய கேடயங்களை வைத்தான். அவற்றில் உருவம் ஏதும் இல்லை. அர்ப்பணித்தவன் பெயரும், யாருக்காக அர்ப்பணிக்கப்பட்டன என்பதும் மட்டுமே இருந்தன. ஆயினும் மக்கள் ஏற்கவில்லை. ஏரோதின் குமாரர் நால்வரும் அவர்களோடு சேர்ந்தனர். வழக்கு திபேரியுவிடம் கடிதமாகச் சென்றது. பேரரசன் பிலாத்துவைக் கடிந்துகொள்ள, கேடயங்கள் செசரியாவிலுள்ள அகுஸ்துவின் கோவிலுக்கு அனுப்பப்பட்டன. மறுபுறத்தில், பிலாத்து வெளியிட்ட சிறு வெண்கலக் காசுகளில் ரோமப் பூசாரிகளின் வளைந்த கோலும் பலிச்சடங்கின் அகப்பையும் பொறிக்கப்பட்டிருந்தன. இவை வெளிப்படையான அந்நிய வழிபாட்டுச் சின்னங்கள். அவை சந்தைகளில் கைமாறின. எதிர்ப்பு எழுந்ததாக எவரும் எழுதிவைக்கவில்லை. உருவமற்ற கேடயம் வழக்காயிற்று, அந்நியச் சடங்குப் பொருள் பொறித்த காசு வழக்காகவில்லை என்றால், மக்கள் சின்னத்தின் வடிவத்தை அல்ல, அது நாட்டப்பட்ட இடத்தையே படித்தனர் என்று சொல்லவேண்டும். பரிசுத்த நகரத்தில் பேரரசனின் பெயரை நிலைநிறுத்துவது, இங்கு இனி யாருடைய சட்டம் முதன்மை என்பதற்கு விடையாக அமைந்துவிடும்.

இப்பின்னணியில் இயேசுவின் விசாரணையைப் படித்தால் சில பகுதிகள் புதிதாகத் தோன்றும். வீரரின் ஏளனம் முழுவதும் அரச சின்னங்களால் ஆனது: அங்கி, முடி, கையில் கோல். பிலாத்து கைகளைக் கழுவியதை மத்தேயு மட்டும் கூறுகிறார். கொலையாளி இன்னானென்று தெரியாதபோது மூப்பர் கைகழுவும் முறை உபாகமம் 21ஆம் அதிகாரத்தில் உள்ளது. யூதருக்கு எழுதும் மத்தேயு, தேசாதிபதியின் அச்செயலை அவர்களுடைய சட்டத்தின் குறியாகவே காட்டுகிறார் என்று நான் எண்ணுகிறேன். பின்பு சிலுவை. ரோமர் சிலுவைகளை மக்கள் நடமாட்டம் மிகுந்த வழிகளில் நாட்டினர். வருவோர் போவோர் காணவேண்டும் என்பதே நோக்கம். ஏரோது இறந்த ஆண்டில் வாருஸ் என்னும் தளபதி ஏறத்தாழ இரண்டாயிரம் பேரைச் சிலுவையில் அறைந்தான். அந்நாட்டில் ரோமச் சட்டத்தை அறிமுகம் செய்த பெரிய எழுத்து அதுவே எனலாம். இயேசுவின் சிலுவைமேல் வைத்த மேல்விலாசம் எபிரெயம், கிரேக்கு, லத்தீன் ஆகிய மூன்று மொழிகளில் இருந்ததாக யோவான் கூறுகிறார். விலாசம் என்றால் இன்று நமக்கு அஞ்சலுறை நினைவுக்கு வருகிறது. அங்கு அது குற்றப்பத்திரிகை. வாசகத்தைத் திருத்தும்படி பிரதான ஆசாரியர் கேட்டனர். விருதுகளிலும் கேடயங்களிலும் விட்டுக்கொடுக்க நேர்ந்த தேசாதிபதி இம்முறை விட்டுக்கொடுக்கவில்லை.

பிலாத்துவுக்குப் பின் வந்தவர்களில் சிலர் பாடம் கற்றிருந்தனர். கி.பி. 37இல் சீரியாவின் ஆளுநர் விதெல்லியு அரேத்தா அரசன்மீது படையெடுத்தபோது, விருதுகள் யூதேயா வழியாகச் செல்லவேண்டாம் என்று தலைவர்கள் கேட்டுக்கொள்ள, படையைச் சமவெளி வழியாகத் திருப்பிவிட்டான். காயு இராயன் தன் சிலையை ஆலயத்திலேயே வைக்கக் கட்டளையிட்டபோது, பித்தொலேமாயிலும் திபேரியாவிலும் மக்கள் விதைப்புக் காலத்தில் வயல்களை விட்டுவிட்டுப் பெத்ரோனியுவின் முன் வந்து கிடந்தனர். உழவனுக்கு விதைப்பை விடுவது ஓராண்டு உணவை விடுவதாகும். நம் நாட்டுச் சிற்றூர் ஊழியருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பெத்ரோனியு தன் உயிரையே பணயம் வைத்துக் கட்டளையைத் தாமதித்தான். கி.பி. 41ஆம் ஆண்டு ஜனவரியில் காயு கொல்லப்பட்டான். பெத்ரோனியு சாகவேண்டும் என்ற காயுவின் கடிதம், காயு இறந்த செய்திக்குப் பின்னரே வந்து சேர்ந்தது.

குமானுவின் காலத்தில் நிலைமை தலைகீழாகத் திரும்பியது. ஒரு சிற்றூரைக் கொள்ளையிட்ட வீரன் ஒருவன் நியாயப்பிரமாணச் சுருளைக் கிழித்து நெருப்பில் எறிந்தான். மீண்டும் மக்கள் செசரியாவுக்கு ஓடினர். குமானு அவ்வீரனின் தலையை வெட்டச் செய்தான். பேரரசனின் உருவத்தை அவமதித்தால் ரோமன் எதைச் செய்வானோ, அதையே சுருளுக்காக ரோமச் சட்டம் இங்கு செய்தது. சுருளும் ஒரு விருதே என்பதைக் குமானு ஒப்புக்கொண்டதாகவே இதற்குப் பொருள்.

இவற்றின் நடுவே இரு சட்டங்களையும் இணைத்து நின்ற அடையாளம் ஒன்று இருந்தது. பேரரசனுக்கும் ரோம மக்களுக்கும் நலம் வேண்டி எருசலேம் ஆலயத்தில் நாளுக்கு இருமுறை பலி செலுத்தப்பட்டு வந்தது. பேரரசனுக்குப் பலியிடமாட்டோம், பேரரசனுக்காகக் கடவுளுக்குப் பலியிடுவோம் என்னும் நுட்பமான இடைவழி அது. கி.பி. 66இல் ஆலய அதிகாரி எலெயாசார் இப்பலியை நிறுத்தினான். போருக்கு அடித்தளமிட்டது இச்செயலே என்று யோசேபஸ் கூறுகிறார். அன்று வாள் ஒன்றும் உருவப்படவில்லை. ஒரு சின்னம் நின்றது. ரோமின் அதிகாரத்தை ஏற்கவில்லை என்று இரு தரப்பாரும் படித்துக்கொண்டனர்.

கி.பி. 70இல் ஆலயம் எரிந்துகொண்டிருக்கும்போதே, தீத்துவின் வீரர் தங்கள் விருதுகளைப் பிராகாரத்துக்குள் கொண்டுவந்து, கிழக்கு வாயிலுக்கு எதிரே நாட்டி, அவற்றுக்குப் பலியிட்டனர். பிலாத்து இரவில் மூடிக் கொண்டுவந்ததைப் பகலில் திறந்து கொண்டுவந்தனர். அதன்பின் யூதர் ஆலயத்துக்குச் செலுத்திய வரியை ரோமின் யூப்பித்தர் கோவிலுக்குச் செலுத்தும்படி வெஸ்பாசியன் விதித்தான். பனைமரத்தின் கீழ் அழுதிருக்கும் பெண்ணின் உருவத்தோடு நாணயங்களும் வெளிவந்தன.

கி.பி. 71இல் ரோமில் நடந்த வெற்றி ஊர்வலத்தில் ஆலயத்தின் பொன்மேசையும் குத்துவிளக்கும் சுமந்து செல்லப்பட்டன. தீத்துவின் வளைவில் அவற்றை இன்றும் காணலாம். கொள்ளைப் பொருள்களில் கடைசியாகச் சென்றது நியாயப்பிரமாணத்தின் பிரதி ஒன்று என்று யோசேபஸ் எழுதுகிறார். வளைவிலுள்ள சிற்பத்தில் அது இல்லை. பொன் பாத்திரங்களை வெஸ்பாசியன் தான் கட்டிய சமாதானக் கோவிலில் ஊரார் பார்வைக்கு வைத்தான். சுருளை மட்டும், ஆலயத்தின் இரத்தாம்பரத் திரைகளோடு, தன் அரண்மனைக்குள் வைத்துக் காக்கச் சொன்னான்.